முதலில் போனவன்

தம்பிதான் தன்னைக் காட்டிக்கொடுக்க முதலில் ஓடினான் என்று ஓர்லின் ஹாகன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஊரும் நம்பியது. முழுசாக நம்ப முடியாமல் தவித்தது ஒரே ஆள்தான். பதினோரு வருஷமாக அந்தக் கதையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆள், ஓர்லினேதான்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அண்ணன், தம்பி இருவருக்கும் கூட்டுப் பண்ணை. ஆலங்கட்டி மழையில் கோதுமை மொத்தமும் போய்விட்டது என்று பண்ணையின் பேரில் பயிர்க் காப்பீட்டுப் பணம் வாங்கியாகிவிட்டது. அழிந்ததாகச் சொன்ன கோதுமையில் பாதி, பக்கத்து மாநிலத்தில் வேறு பெயரில் விலைபோயிருந்தது.

அரசாங்கத்துக் காப்பீடு. அதனால் மத்திய அரசு வழக்கு. இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. விசாரணை நடக்கிறது, வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

இந்த மாதிரி வழக்கென்றால் அந்த வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே பெயர்தான், கொரின் சேதர். மறுநாள் காலையிலேயே ஓர்லின் அந்த அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"மேடம், என் பேரு ஓர்லின் ஹாகன். போன வருஷம் எங்க கோதுமை..."

அந்த அம்மாள் கையை உயர்த்தினாள்.

"ஹாகனா? நிறுத்துங்க. இனி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"ஏன் மேடம்?"

"உங்க கேஸை நான் எடுக்க முடியாது."

"ஃபீஸ் தர மாட்டேன்னு நினைக்கிறீங்களா? டிராக்டரை வித்தாவது..."

"அது இல்லை. காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"என் தம்பி கெர்மிட் இங்க வந்தானா?"

"வந்தார்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன். இந்தாங்க, வேற மூணு வக்கீல் பேர் இதுல இருக்கு. இன்னிக்கே போய்ப் பாருங்க."

அந்தச் சீட்டில் முதலில் இருந்த வக்கீல் சின்ன வயசுக்காரன். படபடவென்று பேசினான்.

"புரியலையா சார்? உங்க தம்பி முந்திக்கிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் ஆக முடியாது. அதான் அந்தம்மா உங்களை அனுப்பிட்டாங்க."

"முந்தினா என்ன இப்போ?"

"ரெண்டு பேர் மாட்டினா, முதல்ல வாயைத் திறக்கிறவருக்குத்தான் சலுகை. மத்தவருக்கு ஜெயில். அரசு வக்கீல் முன்னால அவர் போய் உக்கார்றதுக்குள்ள நாம போய் உக்காரணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, அங்க பொய் சொன்னா அதுவே தனிக் குற்றம்."

"கூடப் பொறந்தவன்யா அவன்!"

"அது அவருக்கு ஞாபகம் இருந்த மாதிரி தெரியலையே சார்."

சுருக்கென்று தைத்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. ஓர்லின் மறுநாளே அரசு வழக்கறிஞர் முன் உட்கார்ந்து, கெர்மிட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினான்.

ஓர்லின் மீது வழக்கே பதிவாகவில்லை. கெர்மிட்டுக்கு இரண்டரை வருஷம். நீதிபதி கேட்டபோது, "நான்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னான் கெர்மிட்.

"சொந்தத் தம்பியே குழி பறிக்கப் பார்த்தானே, பாவம் ஓர்லின்" என்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பண்டத்தைத் தட்டுகளில் எடுத்துக்கொண்டு வந்து ஆறுதல் சொன்னார்கள். ஓர்லின் சாப்பிட்டான். காட்டிக்கொடுக்க ஓடினவன் ஏன் கடைசிவரை என் பேரை எடுக்கவில்லை என்ற கேள்விதான் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

கெர்மிட் விடுதலையாகி வந்து ஊர்க்கோடியில் எஞ்சின் ரிப்பேர் கடை வைத்தான். எதிரே பார்த்தாலும் இருவருக்கும் பேச்சில்லை.

போன மாதம் அத்தை இறந்துபோனாள். அடக்கம் முடிந்து, சர்ச் கீழ்த்தளத்தில் காபி குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். மடக்கு மேஜைகளை அடுக்கும் வேலை மட்டும் யார் செய்த விஷமமோ, இந்த இருவர் தலையில் விழுந்தது.

"அந்தப் பக்கம் தூக்கு" என்றான் கெர்மிட். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

ஓர்லின் தூக்கவில்லை.

"அன்னிக்கு அந்த வக்கீலம்மாகிட்ட எதுக்குடா போனே?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? தூக்கு, கை வலிக்குது."

"சொல்லுடா."

கெர்மிட் மேஜையைக் கீழே இறக்கினான்.

"உனக்கு வக்கீல் பிடிக்கத்தான் அண்ணே. நீ யோசிச்சு யோசிச்சுக் கிளம்பறதுக்குள்ள அவங்க வேற கேஸ் எடுத்துடுவாங்கன்னு, கடிதம் வந்த அன்னிக்கே ஓடினேன். 'எல்லாம் நான் செஞ்சது, அண்ணன் பிள்ளைகுட்டிக்காரன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவனுக்காக நீங்கதான் வாதாடணும்'னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். அந்தம்மா தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'இதை என்கிட்ட சொல்லிட்டீங்களே, இனி உங்க அண்ணன் கேஸை நான் தொடவே முடியாதே'ன்னாங்க. உன் பேரை மட்டும் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வந்திருக்கணும். மடையன் நான்."

கெர்மிட் சிரித்தான்.

"ஜெயில்ல இதைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பானுங்க."

ஓர்லினால் சிரிக்க முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டான்.

"கோதுமையை வித்தது நான்தான்னு உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?"