பெருச்சாளித் தாத்தா

“உன் தாத்தா லைன்ல இருக்காரு. இன்னைக்கு நீயே பேசு.”

பக்கத்து நாற்காலிக்காரி அழைப்பை அவள் மேசைக்குத் தள்ளிவிட்டாள். தள்ளியதோடு நிற்காமல், எட்டிக் கைநீட்டி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். சுற்றியிருந்த மேசைகளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டன.

வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் புகுந்திருக்கும் பிராணி எதுவென்று கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துச் சொல்லும் உதவி எண் அது. ஊரில் மற்றவர்கள் வீட்டுக்குக் கீரி வரும், மரநாய் வரும், உடும்பு வரும். தாத்தா வீட்டுக்கு மட்டும் தினமும் பெருச்சாளிதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து அழைப்பார்.

அவருக்குப் ‘பெருச்சாளித் தாத்தா’ என்று பெயர் சூட்டியவளே அவள்தான். இத்தனைக்கும் அவர் அழைப்பு அவளுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அவரைப் போலப் பேசிக் காட்டுவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதில் இவள்தான் முதல் ஆள்.

“வணக்கம், சொல்லுங்க சார்” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“தோட்டத்துல என்னமோ புகுந்திருக்கும்மா. பூனை அளவுக்கு இருக்கு.”

அப்பா.

சிரிப்பு தொண்டையிலேயே அடைத்துக்கொண்டது. இருமிப் பார்த்தாள், போகவில்லை.

ஆபீஸ் நேரத்தில் கூப்பிடாதீங்கப்பா என்று அவரிடம் சொன்னவள் அவள். ஆபீஸ் விட்டு வந்தால் அலுப்பு. லீவு நாள் என்றால் துணி கிடக்கும், தூக்கம் கிடக்கும். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்றே நாள் ஓடிவிட்டது. அவரும் அதன்பின் அவள் கைப்பேசிக்கு அழைக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன் என்று அவளுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கேள்விகளை ஆரம்பித்தாள்.

வால் எப்படி இருக்கிறது? உடம்பைவிடக் குட்டை. மூஞ்சி? மழுங்கல். வளைக்கு வெளியே மண் குவிந்திருக்கிறதா? ஒரு கூடை தேறும். விரட்டினால் என்ன செய்கிறது?

“மயிரைச் சிலுப்பிக்கிட்டுப் பன்னி மாதிரி உறுமுதும்மா.”

ஒரு பதில்கூடப் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விகளை அவள் உருப்போட்டதே அவரை வைத்துத்தான். டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு அப்பா கூடத்தில் உட்காருவார். அவள் சமையலறையில் நின்று கேட்பாள். வேற பிராணியே கிடைக்காதாப்பா என்று சலித்துக்கொண்டால், எனக்கு இதுதானே மனப்பாடம் ஆகியிருக்கு என்பார். வேறு ஏதாவது உதவி வேணுமா சார் என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் அவராக ஒரு பதில் வைத்திருந்தார். ஒண்ணும் வேணாம்மா, நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா இருப்பது மூன்றாவது மாடி. தோட்டம் என்று அங்கே இருப்பது ஜன்னலோரத்தில் ஒரே ஒரு தொட்டிச் செடி.

தெரிஞ்சவரா என்று பக்கத்து நாற்காலிக்காரி கண்ணாலேயே கேட்டாள்.

அழைப்பவர் காதில் விழாமல் கேலி பேசுவதற்கென்றே மேசை ஃபோனில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும், விட்டால் அணையும். அந்த ஆபீஸில் அதிகம் தேய்ந்த பொத்தான் அதுதான். அவள் விரல் பழக்கதோஷத்தில் அதன்மேல் போய் அழுந்தியது. கண் என்னவோ சுற்றியிருந்த முகங்களின் மேல்தான் இருந்தது.

“சேச்சே! யாரோ பொழுதுபோகாத பெருசு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எங்க அப்பா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? அதற்கு நாக்கு புரளவில்லை. வெட்கம் காதுமடல்வரை சுட்டது.

விரலை எடுத்தாள். “அது பெருச்சாளிதான் சார். வளையை மண்ணு போட்டு மூடி, நல்லா மிதிச்சு விடுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஒண்ணும் வேணாம்மா. நேரத்துக்குச் சாப்பிடு.”

பக்கத்து நாற்காலிக்காரி அவரோடு சேர்ந்து அதைச் சத்தமில்லாமல் வாயசைத்தாள். தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவர் இன்னும் ஃபோனை வைக்கவில்லை.

“குரல் கட்டியிருக்கு. வெந்நீர் குடி.”

வைத்துவிட்டார்.

“இது புதுசா இருக்கே! எங்கிட்டல்லாம் இப்படிச் சொன்னதே இல்லையே” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் யாரோ மாதிரியே பேசிவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்குத் தலை நிமிரவில்லை. நல்லவேளை, அந்த ஒரு சொல்லாவது அவர் காதில் விழவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாயங்காலம் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. யார் வீட்டுக் கூரையிலோ ஏதோ ஓடுகிறதாம். அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

“என்னங்க, அழறீங்களா?” என்றது மறுமுனை.

குனிந்து பார்த்தாள். விரல் பொத்தானின் மேல்தான் அழுந்தியிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.