காற்றுக்கு நேராக

"கை வழுக்குது அண்ணி. எவ்வளவு நேரம்தான் இப்படித் தொங்குறது?"

"பிடிச்சுக்கோ தம்பி. யாராவது வருவாங்க."

"இந்தக் காத்துல யார் வரப்போறா? மீனே வீட்டுக்குப் போயிருக்கும்."

இரண்டு மிதவைகளை வலைத்துணியால் இணைத்த சின்னப் பாய்மரப் படகு அது. பக்கவாட்டில் கவிழ்ந்து, ஒரு மிதவை தண்ணீரிலும் மற்றது ஆகாயத்திலுமாகக் கிடந்தது. பாய் நனைந்து நீரோடு ஒட்டியிருந்தது. ஒவ்வோர் அலையும் அவர்களைக் கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனது.

அண்ணி கீழ் மிதவையில் ஏறி நின்று, மேல் மிதவையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தாள். படகு அசையவில்லை. விழுந்தாள். ஏறினாள். மறுபடி விழுந்தாள்.

"போதும் அண்ணி. இது நிமிராது."

"நிமிராதா?"

அவள் முகம் ஒரு கணம் தெளிந்ததுபோல இருந்தது. மனசு விட்டுப்போய்விட்டது என்று கொழுந்தன் நினைத்தான்.

"அத்தைக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்றாள். "தாங்க மாட்டாங்க."

கரை ஒரு கோடாக மெலிந்துகொண்டிருந்தது. பெரிய அலை ஒன்று அவன் தலைமேல் ஏறி இறங்கியது. உப்புத் தண்ணீரைத் துப்பினான்.

"சும்மா இழுத்தா வராது அண்ணி. பாய்மரத்தோட நுனி காத்துக்கு நேரா இருக்கணும். காத்து பாய்க்கு அடியில புகுந்தாத்தான் தூக்கும்."

படகின் முன்முனைக்கு நீந்திப் போய், அதைப் பிடித்துத் தொங்கினான். படகு மெல்லச் சுற்றியது.

"இப்ப சாயுங்க. இன்னும். முதுகு தண்ணியில படணும். கயித்தை மட்டும் விட்டுடாதீங்க."

பாய் படபடத்து எழுந்தது. மேல் மிதவை வந்து தண்ணீரை அறைந்தது. படகு ஓடிவிடாமல் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஏறினார்கள்.

"பொழச்சோம் அண்ணி," என்று மல்லாந்து கிடந்து சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "உங்க அண்ணன் இதே பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறிச் செத்தப்போ, படகை நிமிர்த்தத் தெரியாதுன்னு சொல்லி அழுதியே. அதுக்கப்புறம் இன்னிக்குத்தானே படகுல கால் வச்சே?"

அவன் சிரிப்பு நின்றது.

"காத்து கவிழ்க்கலை தம்பி, நான்தான் கவிழ்த்தேன். நீ நிமிர்த்தாம ரெண்டு பேரும் மூழ்கியிருந்தாக்கூட, உனக்கு நிஜமாவே தெரியாதுன்னு உன்னை நம்பிக்கிட்டே போயிருப்பேன்."