உப்புக் கோடு

கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய உல்லாசப் படகுக்கு அவளும் கணவனும் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில், தண்ணீர் தொட்ட மட்டத்தில் படிந்திருந்த உப்புக் கோட்டை அவள் வேலை தொடங்கிய அன்றே தேய்த்து எடுத்துவிட்டாள். மறுநாள் அது ஒரு சாண் மேலே இருந்தது. அதையும் தேய்த்தாள். இன்று இன்னொரு சாண் ஏறி, அவள் தலைக்கு மேலே போயிருந்தது. படகுக்கு அடியில் தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது.

"என்னங்க, இந்தக் கோடு மறுபடி ஏறியிருக்கு."

"நேத்து ஒழுங்கா தேய்ச்சிருக்க மாட்ட. வேலையைப் பாரு," என்றான் அவன், மெழுகு பூசியபடியே.

அவள் ஏணியில் ஏறிக் கோட்டின் மட்டத்துக்குக் கண்ணை வைத்து நேரே பார்த்தாள். எதிரே மேட்டில் அவர்களுடைய வீடு. பார்வை போய் முட்டிய இடம், வாசல் கதவின் கீழ்ப்பாதி.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலும் தரையும் காய்ந்துதான் இருந்தன. காய்ச்சலில் சில நாட்களாக வெளியே போகாத மகள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, காலெல்லாம் அரிக்குது."

அவள் போர்வையை விலக்கினாள். இரண்டு கால்களிலும் முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.