ஒரு அடுப்பும் ஒரு கதவும்

"சுத்திப் பார்க்க எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டார் லாட்ஜ் மேனேஜர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சீசன் முடியற வரைக்கும்" என்றான் எலக்ட்ரீஷியன்.

மேனேஜர் இப்போது தலையைத் தூக்கினார். மனைவி, அவள் இடுப்பில் எட்டு மாதப் பையன், ஒன்பது வயதுப் பெண், இரண்டு சூட்கேஸ், ஒரு தலையணை மூட்டை, பையிலிருந்து கைப்பிடியை நீட்டிக்கொண்டிருந்த குக்கர். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "கொடுத்து வெச்சவங்க" என்றார். அதில் பாராட்டு எதுவும் இல்லை.

நாலு பேர் என்றால் இரண்டு ரூம் எடுத்தாக வேண்டும், ரூமில் சமைக்கக் கூடாது என்று சொன்னார். பையனுக்குப் பால் காய்ச்சவாவது ஒரு அடுப்பு வேண்டும் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அதற்குள் மேனேஜர் பதிவேட்டுக்குள் திரும்பிப் போயிருந்தார்.

இது மூன்றாவது இடம். பெரிய ஊரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம் தள்ளியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் ரூம் சல்லிசாகக் கிடைக்கும் என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தான். பெரிய ஊரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சீசனில் அங்கே ரூம் என்று வாயைத் திறந்தாலே பர்ஸ் இளைத்துவிடும். அந்த விலையும் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டது என்பதைத்தான் அவன் சொல்லவில்லை.

"போனை எடுக்கிறானா?" என்றாள் மனைவி, தெருவுக்கு வந்ததும்.

"எடுத்தாத்தானே? காலையில நம்ம சூட்கேஸைத் தூக்கி பஸ்ல வைக்கும்போது மட்டும் அண்ணே அண்ணேன்னு குழைஞ்சான்."

முதலில் பார்த்த இடத்தில் குளிக்கத் தண்ணீர் கிடையாது. இரண்டாவது இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் வயர் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் குனிந்து அதைப் பார்த்தான். "இதுல குழந்தை கை வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான். "கை வைக்காமப் பார்த்துக்குங்க" என்று பதில் வந்தது.

பெண் மட்டும் எந்த இடத்தையும் குறை சொல்லவில்லை. போன இடத்திலெல்லாம் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் உள்ளங்கையை வைத்து அளந்துகொண்டாள். "பென்சில் இருக்காம்மா?" என்று கேட்டு, "கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்று திட்டும் வாங்கினாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது பையன் அழ ஆரம்பித்தான். கிலுகிலுப்பை எந்த சூட்கேஸின் அடியில் கிடக்கிறதோ. மனைவி கைப்பையைத் துழாவி, சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். அந்தச் சத்தத்தில் அவன் அழுகையை மறந்துவிட்டான். அவளுக்குத்தான் அழுகை வந்தது. நடுத்தெருவில் அழ வெட்கமாக இருந்ததால், வார் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டே நடந்தாள்.

"இருட்டறதுக்குள்ள ஒரு அடுப்பும், தாழ்ப்பாள் போடறாப்பல ஒரு கதவும் கிடைச்சாப் போதுங்க. வேற எதுவும் கேட்க மாட்டேன்."

"கிடைக்கும்" என்றான். அவன் குரலை அவனே நம்பவில்லை.

நாலாவது இடம் தெருக்கோடியில் ஒரு மாடி வீடு. மாடியில் நாலு ரூம், கீழே வீட்டுக்கார அம்மாள். "ஒரு ரூம்கூடக் காலி இல்லையே" என்றவள், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேட்காமலேயே பையனுக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். காலையிலிருந்து அவர்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"ஏம்மா, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இப்படியா லோலோன்னு அலையறது? நான் ஒண்ணு சொல்லட்டா? பேசாம அந்தப் பெரிய ஊருக்கே போயிடுங்க. அங்க ஒரு முழு வீடு காலியா இருக்கு."

"அங்கயா? எங்களுக்குக் கட்டுப்படியாகாதுக்கா."

"முழுசாக் கேளு. இன்னிக்கு வரவேண்டிய டூரிஸ்ட் பார்ட்டி கடைசி நேரத்துல வரலைன்னுட்டாங்களாம். பாதி வாடகை கிடைச்சாலும் போதும்னு ஏஜென்ட் மத்தியானத்துலேருந்து எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிக்கிட்டிருக்கான்."

"அப்ப அந்த வீட்டுக்காரங்க?" என்றான் எலக்ட்ரீஷியன்.

"அவங்க எங்கயாவது போய் ஒண்டிக்கிட்டிருப்பாங்க. சீசன் வந்தா குடியிருக்கிற வீட்டையே டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டு மூட்டையைக் கட்டிடறதுதானே அந்த ஊர் வழக்கம்? காசு பார்க்கத் தெரிஞ்ச கெட்டிக்காரங்க. உன்னையும் என்னையும் மாதிரியா?"

பையன் சாவிக்கொத்தைக் கிலுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மாள் போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "பாரு, அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு. ஸ்விட்ச் போர்டெல்லாம் எவ்வளவு நறுவிசா வெச்சிருக்காங்க பாரு. கதவு நிலையிலதான் யாரோ பென்சிலால கோடு கோடாக் கிழிச்சு வெச்சிருக்காங்க. அது ஒண்ணுதான் குறை."

மூன்று தலைகள் அந்தப் போன்மேல் குனிந்தன. பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எலக்ட்ரீஷியன் அவள் தோளை மெல்ல அழுத்தினான்.

"இன்னும் என்ன யோசனை? வேற யாராவது தட்டிட்டுப் போறதுக்குள்ள முந்திக்கணும். சாவி ஏஜென்ட்கிட்டதான் இருக்கு. போன் போடட்டா?"

மனைவி எழுந்து, குக்கர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. இன்னொரு சாவி இவன் கையில இருக்கு."