செவிப்பறை சொன்ன சேதி

காது மருத்துவமனையில் பரிசோதகராகப் பணியாற்றிய அவளுக்கு 'ஒலிபெருக்கி' என்பது பட்டப்பெயர். ஆலை இரைச்சலில் செவிடாகிப்போன கணவனிடம் ஆண்டுக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதால், எவரிடமும் உரக்கப் பேசுவதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

செவிப்பறையின் நுண்ணதிர்வை அளக்கும் லேசர் கருவி வந்ததும், முதல் ஆளாக அவனையே அழைத்து வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"இவருக்குக் காது கேக்க ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க டாக்டர். போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்து, கால் உடைஞ்சு கத்தினேன். அடுத்த அறையிலதான் இருந்தார், பாவம். பக்கத்து வீட்டு அக்கா வந்துதான் என்னைத் தூக்கினாங்க."

மருத்துவர் காதுக்குள் மெல்லிய ஒலியைச் செலுத்திச் செவிப்பறைமீது லேசர் ஒளியைப் பாய்ச்சினார். திரையில் அலைகள் நெளிந்தன.

"உள்காது செத்திருந்தா இங்க வெறும் கோடுதான் வரும்மா. உள்காது ஒலியைத் திருப்பி அனுப்பிச் செவிப்பறையை அதிர வைக்குதே!"

"அப்படின்னா?"

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் நடிக்கிறாரோன்னு தோணுது."

முதுகு காட்டிப் படுத்திருந்தவன் விருட்டென்று எழுந்தான். "யாருய்யா நடிக்கிறது?"

மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது.

"திரும்ப வேலைக்குப் போன்னு நச்சரிப்பியேன்னுதான்..."

"நான் விழுந்து கத்தினது?"

"கேட்டுது. வந்திருந்தா குட்டு வெளிப்பட்டிருக்குமே."

அவள் அவனைத் தொட்டுப் படுக்க வைத்த தன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

"இனிமே நீங்க என் வீட்டுக்கு வர வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.