மாதக் கார்டு

நவ்பரின் கொமினிகேசன் கடையில் வடிவம்மா ரிசீவரைக் கையில் எடுத்தாள். பக்கத்துக் கொட்டில் சிவலட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வவுனியா முகாமில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கோல் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். வடிவம்மாவின் மகன் சஜீவன் பாரிசில் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான் என்ற செய்தியும் அங்கேதான் வந்தது.

செத்து எட்டாம் நாள், இன்று எட்டுச் செலவு. அவனுக்குப் பிடித்த கறிகள் படையலுக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் நவ்பர் ஓடிவந்து கூப்பிட்டான்.

அடக்கம் எப்போது என்று சொல்ல எடுக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். முகம் பார்க்க யாரையும் விடவில்லையாம். சட்டைப்பையில் கிடந்த ரயில் மாதக் கார்டை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்களாம்.

அந்தக் கார்டைப் பற்றி அவன் எவ்வளவு புளுகியிருப்பான்! மாதம் பிறக்கக் காசைக் கட்டிவிட்டால் நகரம் முழுக்க எந்த ரயிலிலும் ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

முகாமை விட்டு வெளியே போகும் பாஸைப் புதுப்பிக்க வெயிலில் வரிசை நிற்கும் சனம் அதைக் கேட்டு வாயைப் பிளந்தது.

சிவலட்சுமியின் மகன் வினோதனும் சஜீவனின் அறையில்தான் இருந்தான். சொந்த ஊரான தர்மபுரத்தில் ஒரே சைக்கிளில் திரிந்த இரண்டும் பாரிசிலும் பிரியவில்லை.

சாவு கேட்ட நாளிலிருந்து சிவலட்சுமி தன் கொட்டிலுக்குப் போகவில்லை. வடிவம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள். சோற்றைக் குழைத்து ஊட்டினாள். இடையில் ஒருமுறை, "என்ர பெடியன்தான் சவ அலுவலா ஓடித் திரியிறான் போல அக்கா. எனக்கும் ஒரு கோல் எடுக்கயில்லை" என்றாள்.

ரிசீவரில் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"அம்மா, நான் சஜீவன். நான் சாகயில்லையம்மா."

வடிவம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "என்ர ராசா, சஜீ, நீயோடா?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சிவலட்சுமிக்கு விளங்கிவிட்டது. அழுதாள், சிரித்தாள், நவ்பரின் மேசையில் அடித்தாள். "பேய்ப்பெடியன்! எட்டுச் செலவுச் சோறு ஆறுது, வந்து தின்னச் சொல்லுங்கோ அக்கா!"

வினோதனிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தூர ஊரொன்றுக்குத் திராட்சைப்பழம் பிடுங்கும் வேலைக்குப் போயிருந்தானாம். அங்கே போன் இல்லை. இன்றைக்குத்தான் திரும்பி வந்தானாம். வந்து பார்த்தால் அறையில் அவனுடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறதாம்.

"அப்ப அந்தக் கார்டு?" என்றாள் வடிவம்மா.

மறுமுனையில் அவன் விக்கினான்.

"மாதம் முடியயில்லை, காசு வீணாப் போகுமெண்டு அறையில விட்டிட்டுப் போனனான். ஸ்டேசன் கதவு ஆரின்ர முகத்தையும் பாக்காதம்மா... வினோதன் கொண்டு திரிஞ்சவன்."

அதோடு லைன் அறுந்தது.

வடிவம்மா எழும்பவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

சிவலட்சுமி குனிந்து, தன் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு வெட்கத்தோடு கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒருக்காத் தாங்கோ அக்கா. அவனும் பக்கத்திலதான் நிப்பான்."