எலியின் வலது கை

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் எலியின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் பிரிண்டர் மேல் விழுந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது.

"எந்தம்பியக் கொன்னுட்டு, இங்க ஏசியில உக்காந்து பொம்மை போட்டுக்கிட்டு இருக்கியாடா?"

ஃபோர்மேன், தம்பியை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே டிசைன் அறைக்கு வந்திருந்தார். முந்தாநாள் சோதனை ஓட்டத்தில் புது ஹைட்ராலிக் பம்ப்பின் இரும்புக் கூடு வெடித்து, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று, அதை ஓட்டிக்கொண்டிருந்த தம்பியின் கழுத்தில் பாய்ந்திருந்தது.

அந்தப் பம்ப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதிலேயே ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் எலி. எந்நேரமும் மவுஸும் கையுமாக இருப்பவனுக்குப் பட்டறை வைத்த பெயர்.

"அண்ணே, விடுங்கண்ணே!" எலியிடம் வேலை பழகும் ஜூனியர் பெண் குறுக்கே பாய்ந்தாள். ஃபோர்மேன் ஒரு கையால் தள்ளியதில் அலமாரியில் மோதி மயங்கிச் சரிந்தாள்.

"எரநூத்தம்பது பார் அழுத்தம் தாங்கும்னு எழுதிக் குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேண்ணே."

"அப்புறம் ஏன்டா வெடிச்சுது? பூட்டினது நானு. இருவத்திரண்டு வருஷத்துல எங்கையால போன பம்ப்பு ஒண்ணாவது ஒழுகியிருக்கா? உன் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், ஸ்குரு ஒவ்வொண்ணையும் அரைச்சுத்து சேத்து இறுக்கித்தான் அனுப்புவேன். தப்பு எங்கிட்ட வராது. உன் படத்துலதான்!"

எலியின் பார்வை திரைக்குப் போனது. காலையிலிருந்து அவன் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்த பம்ப் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீலமாக இருந்த கூடு மஞ்சளாகி, ஒரு மூலை மட்டும் செக்கச் செவேல் என்று மாறிப் பிளந்தது.

ஃபோர்மேனும் பார்த்துவிட்டார்.

"இதே எடம்! இதே மூலைதான்டா! உனக்குத் தெரிஞ்சிருக்கு!"

கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். எழுத்துகள் பல் பல்லாகத் தெறித்தன. கூடவே நிஜப் பல் ஒன்றும்.

எலி வாயைத் திறந்தான். ஃபோர்மேனின் சட்டைப் பையிலிருந்து தம்பியின் அடையாள அட்டை பாதி எட்டிப் பார்த்தது. போட்டோவில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

எலி ரத்தத்தை விழுங்கினான்.

"ஆமாண்ணே. எந்தப்புதான். கூட்டோட கனத்தக் கொறைச்சுப் போட்டுட்டேன்."

ஃபோர்மேன் இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவினார். எலியின் வலது கையை இழுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினார்.

"இந்தக் கைதானே?"

ஸ்பேனர் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் இறங்கியது. மூன்றாவது முறை ஓங்கியவர், என்ன நினைத்தாரோ, அதைத் தரையில் வீசினார்.

"அஞ்சு வயசுலேருந்து நான் தூக்கி வளத்த புள்ளடா..."

குலுங்கிக் குலுங்கி அழுதபடியே வெளியேறினார்.

ஜூனியர் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து அவன் கையில் துணியைச் சுற்றினாள். துணி உடனே சிவந்தது.

"போலீசக் கூப்பிடுறேன் சார்."

"வேணாம்மா. டாக்டரக் கூப்பிடு."

"பைத்தியமா சார் உங்களுக்கு? காலைல திரையில ஓட்டினப்ப, எரநூத்தம்பதுல நம்ம பம்ப்பு நெளியக்கூட இல்லையே! நானூறுக்கு ஏத்தினப்பதானே பிளந்துச்சு? அழுத்தம் மீறாமப் பாத்துக்குற வால்வு இருக்கே, இந்தப் புது மாடல்ல அதோட ஸ்குருவத் துளி இறுக்கினாலும் நானூறு தாண்டிடும். யாரோ இறுக்கியிருக்காங்க. அத ரிப்போர்ட்ல எழுதுங்க, உங்க வேலையாவது மிஞ்சும்."

எலி இடது கையால் மவுஸைப் பிடித்தான். திரையில் அந்த ஸ்குருவின் மேல் கோணல்மாணலாக ஒரு மூடியை வரைந்தான். இனி எவன் ஸ்பேனரும் அதைத் தொட முடியாது.

"ரிப்போர்ட்ட நீ டைப் பண்ணும்மா. காரணம், டிசைன் தப்பு. பேரு, என் பேரு."

"முழுப் பொய் சார் இது! யாரக் காப்பாத்துறீங்க?"

எலி வாசலைப் பார்த்தான். அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி செத்தது தன் கையாலன்னு அவருக்குத் தெரியவே கூடாதும்மா."